சிமென்ட் கைவினை: எந்த நேரத்துக்கு எந்தக் கருவி?

பழைய துண்டு ஒன்றைச் சிமென்ட் குழம்பில் முக்கியெடுத்து, கவிழ்த்துவைத்த வாளியின் மீது போர்த்திவிட்டால், மறுநாள் அது மடிப்புகளோடு கூடிய பூந்தொட்டியாகிவிடுகிறது. செலவு குறைவு, பார்வைக்கு அழகு. மாடித் தோட்டங்கள் பெருகிய பிறகு, இத்தகைய சிமென்ட் கைவினை நகரத்து வீடுகளுக்குள் வந்துவிட்டது. கோடை விடுமுறைப் பயிற்சி வகுப்புகளிலும் அது இடம்பிடித்திருக்கிறது. அகல் தாங்கி, பேனா நிறுத்தி, கையளவு புத்தர் தலை, துளசி மாடம் என்று செய்பொருள்களின் வரிசையும் நீண்டுகொண்டே போகிறது.

இதில் புதிதாக இறங்குபவர் முதலில் கேட்பது, ‘என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?’ என்பதைத்தான். விற்பனையாளர்கள் அதற்குப் பதில்களை ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள்: சிலிக்கான் அச்சுகள், பல அளவுகளில் செதுக்குக் கத்திகள், கையடக்கமான மின் தேய்ப்பான், வண்ணப் பொடிகள். தராசும் ரப்பர் கையுறையும் தூசு முகக்கவசமும் அந்தப் பட்டியலின் கடைசியில் வந்தால் உண்டு, வராமலும் போகலாம். இந்தப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். சிமென்டில் கருவியைத் தேர்வதென்பது பெரும்பாலும் நேரத்தைத் தேர்வதுதான். உரிய நேரத்தில் ஒரு பழைய தேக்கரண்டி செய்து முடிக்கும் வேலையை, அந்த நேரம் தவறிய பின் மின்கருவியால்தான் செய்ய முடியும். அப்போது எழும் தூசு, செய்பவரின் நுரையீரலுக்குப் போகிறது.

தோட்டக்காரரின் தொட்டி

கான்கிரீட் என்றதும் அணைக்கட்டும் மேம்பாலமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், இரும்புக் கம்பியும் சிமென்டும் கைகோத்த வரலாறு பூந்தொட்டியிலிருந்துதான் கிளைக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். கால் நூற்றாண்டு கழித்து, பிரான்ஸில் ஜோசப் லூயி லாம்போ கம்பி வலையின் மீது சிமென்ட் சாந்தைப் பூசிச் சிறு படகு கட்டினார். 1855ஆம் ஆண்டு பாரீஸ் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அதே பாரீஸில் தோட்டக்காரராக இருந்த ஜோசப் மோனியே, செடி வைக்கும் தொட்டிகள் உடைந்துகொண்டே இருப்பதற்கு மாற்றுத் தேடி, இரும்பு வலையைச் சிமென்டுக்குள் புதைத்தார். 1867இல் அவர் பெற்ற காப்புரிமை அந்தத் தொட்டிகளுக்கானது. பாலங்களும் பல மாடிக் கட்டடங்களும் பின்னால் வந்தவை. கைவினைக்காரர்தான் இங்கே பொறியாளருக்கு முன்னோடி.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து வாட்ஸ் பகுதியில், இத்தாலியிலிருந்து குடியேறிய சைமன் ரோடியா என்ற கூலித் தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனியொருவராகக் கட்டிய கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. உயரமானது ஏறத்தாழ 30 மீட்டர். சாரம் கட்டவில்லை, பற்றவைக்கவில்லை, மின்கருவி எதுவுமில்லை. ஓடு பதிப்பவர்களின் எளிய கைக்கருவிகளும், ஜன்னல் துடைப்பவர்கள் இடுப்பில் கட்டும் வாரும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. இரும்பை வளைப்பதற்கு அருகிலிருந்த ரயில் தண்டவாளத்தையே பட்டறைப் பிடியாகப் பயன்படுத்திக்கொண்டார். ‘இவை ஆபத்தானவை, இடித்துவிடலாம்’ என்று நகர நிர்வாகம் கருதியதால், 1959இல் சுமார் 4,500 கிலோ விசை கொடுத்து இழுத்துச் சோதித்தார்கள். கோபுரம் அசைந்துகொடுக்கவில்லை; இழுத்த பாரந்தூக்கிதான் பழுதாயிற்று.

நம் நாட்டிலும் இதற்கு நிகரான இருவர் உண்டு. சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பைஜ் 1938இல் படைத்த ‘சந்தால் குடும்பம்’, செம்புரைக்கல் சரளையும் சிமென்டும் கலந்த கலவையால் ஆனது. வெண்கலத்துக்கு வசதியில்லாத இடத்தில் அவர் தேர்ந்துகொண்ட மலிவான பொருள் அது. அந்தச் சொரசொரப்பே சிற்பத்தின் தோலாகிவிட்டது. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், வேலை நேரம் போக மீதி நேரத்தில் யாருக்கும் தெரியாமல், உடைந்த வளையல்களையும் பீங்கானையும் பழைய மிதிவண்டிச் சட்டங்களையும் சிமென்டோடு சேர்த்து உருவாக்கிய பாறைத் தோட்டம் 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இவர்கள் எவரும் கருவிப் பெட்டி வாங்கித் தொடங்கியவர்கள் அல்லர்.

சுண்ணாம்பின் நாள்கள், சிமென்டின் மணி நேரங்கள்

தமிழகத்துக்கு இந்தக் கலை புதிதன்று. கோபுரங்களின் சுதைச் சிற்பங்கள் பல நூற்றாண்டு மரபு. சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அரைத்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் விட்டுப் பதப்படுத்திய சாந்து அது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி இறுகுகிறது. ஆகவே, சுதைச் சிற்பிக்கு அவகாசம் அதிகம். இமையும் நகக்கண்ணும் வரை, சிறு கரணையும் மூங்கில் சிராயும் தூரிகையும் கொண்டு நிதானமாகத் தீர்க்கலாம். இன்று குடமுழுக்குத் திருப்பணிகளில் பல இடங்களில் சிமென்ட் நுழைந்துவிட்டது. ஊர் எல்லையில் நிற்கும் அய்யனாரும் கருப்பசாமியும் குதிரையும் பெரும்பாலும் சிமென்டில்தான் எழுகிறார்கள். பொருள் மாறியதும் நேரக் கணக்கும் மாறிவிட்டது.

(இடையில் ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்புச் சாந்தில் வெல்லம் சேர்த்த மரபைச் சிமென்டுக்குக் கொண்டுவரக் கூடாது. மிகச் சிறிதளவு சர்க்கரையே சிமென்ட் இறுகுவதைப் பல மணி நேரம் தள்ளிப்போட்டுவிடும்; அளவு கூடினால் இறுகாமலே போகும். சர்பத் கலந்த பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் சிமென்ட் கலப்பதும் இதில் அடங்கும்.)

சிமென்ட் உலர்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. இந்த அடிப்படையைப் புரிந்துகொண்டால் கருவித் தேர்வில் பாதி முடிந்துவிடும். தண்ணீர் பட்ட கணத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கான இந்தியத் தரக் குறியீடு, முதல் இறுக்கம் 30 நிமிடங்களுக்கு முன் வரக் கூடாது என்றும், இறுதி இறுக்கம் 600 நிமிடங்களைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கிறது. நடைமுறையில், நிழலில் வைத்த சாந்து இரண்டு மணி நேரம் வரை குழைவாக இருக்கும். சித்திரை வெயிலில் அது பாதியாகும்.

முதல் கட்டத்தில் வேண்டியவை கலக்கும் சட்டியும் கரணையும் மட்டுமே. கரணை வாங்கும்போது பெரியதை விட்டுவிட்டு, மூக்கு கூரான சிறிய கரணையைத் தேர்வது நல்லது. தகடு ஓரளவு வளைந்துகொடுக்க வேண்டும். தகடும் காம்பும் சேருமிடம் ஒரே இரும்பாக இருக்க வேண்டும். ஒட்டவைத்த காம்பு ஈரத்தில் சீக்கிரமே கழன்றுவிடும். அச்சில் ஊற்றுவதானால், அதன் பக்கங்களை மரக்கட்டையால் மென்மையாகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே சிக்கிய காற்று மேலே வந்து வெடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பிற்பாடு ‘ஓட்டைகளை எப்படி அடைப்பது?’ என்று கவலைப்படுவதைவிட இந்த இரண்டு நிமிடத் தட்டல் மேல்.

உருக்கொடுக்கும் உண்மையான வேளை அடுத்து வருகிறது. கையுறை அணிந்த பெருவிரலால் அழுத்தினால் இலேசாகப் பள்ளம் விழ வேண்டும்; ஆனால், சாந்து விரலில் ஒட்டக் கூடாது. இந்தப் பதம் கலவையைப் பொறுத்து இரண்டு முதல் ஐந்து மணி நேரத்துக்குள் வரும். அப்போது சிமென்ட், ஏறக்குறைய பனைவெல்லக் கட்டியைப் போல் சீவலாகச் செதுக்கக் கொடுக்கும். மழுங்கிய கத்தி, தேக்கரண்டி, பழைய சீப்பு, துடைப்பத்து ஈர்க்கு, தேய்ந்த பல்துலக்கி, குச்சியின் முனையில் வளைத்துக் கட்டிய கட்டுக்கம்பி ஆகியவையே போதும். மர வேரின் முண்டுகளையும் துணியின் மடிப்புகளையும் முகத்தின் சுருக்கங்களையும் இந்த வேளையில் எடுக்கலாம். இதைத் தவறவிடாமல் இருக்க வேண்டுமானால், முதலில் வாங்க வேண்டிய ‘கருவி’ ஒரு மணிகாட்டிதான். கைப்பேசியில் நினைவூட்டல் வைத்தாலும் சரி.

கொத்தனார்கள் சொல்லாமலே கடைப்பிடிக்கும் ஒரு வேறுபாட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். மணியாசுக் கட்டையால் தேய்த்தால் மேற்பரப்பு சொரசொரப்பாக வரும். அடுத்த பூச்சு அதன் மீது நன்றாகப் பிடிக்கும். இரும்புக் கரணையால் தேய்த்தால் வழவழப்பு வரும். ஆனால், அந்த வழவழப்பில் மயங்கித் தேய்த்துக்கொண்டே இருந்தால், நீரும் சிமென்டும் மட்டும் மேலே ஏறி மெல்லிய படலமாக நிற்கும். ஆறியதும் அது சிலந்தி வலைபோல் வெடிக்கும். மரக் கருவிகளை வேலைக்கு முன் தண்ணீரில் ஊறவைப்பதும் அவர்கள் வழக்கம்தான். காய்ந்த மரம் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மேற்பரப்பைப் பிய்த்துவிடும்.

மறுநாள், பதினெட்டு மணி நேரத்துக்குப் பின், கத்தி இறங்காது; அரமும் பழைய ரம்பத் துண்டும் இறங்கும். ஒரு வாரம் கழித்து உப்புத்தாள் மட்டுமே. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாளில் 120, 220, 400 என்று எண்கள் இருக்கும். எண் கூடக் கூட நயம் கூடும். இரண்டுக்குமே தண்ணீர் தொட்டுக்கொள்ள வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

சிமென்ட் வாங்குவதிலும் இதே கணக்குதான். கடைக்காரர் ‘53 கிரேடு நல்ல பலம்’ என்பார். 28ஆம் நாளில் அது தரும் அழுத்த வலிமையை மெகாபாஸ்கல் அலகில் குறிப்பதே அந்த எண். தூணுக்கு அது நல்லது. அகல் தாங்கிக்கு அந்தப் பலம் வேண்டியதில்லை. அது விரைந்து கெட்டிப்படுவதால் செதுக்கும் வேளையும் சுருங்கும். நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி வகை, தொடக்கத்தில் மெல்லப் பலம் பெறுகிறது. புதியவர்களுக்கு அதுவே உகந்தது. 50 கிலோ மூட்டை வாங்கிப் பாதியைக் கட்டிவைப்பதும் வீண். மூன்று மாதம் கடந்த சிமென்ட், காற்றின் ஈரத்தைக் குடித்துப் பலம் இழந்திருக்கும். விரலால் நசுக்கினால் பொடியாகாத கட்டிகள் இருந்தால் அந்தச் சிமென்டை ஒதுக்கிவிட வேண்டும்.

தராசு என்னும் தலைமைக் கருவி

தண்ணீரின் அளவே கான்கிரீட்டின் பலத்தைத் தீர்மானிக்கிறது என்பதை டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1918இல் நிறுவினார். ஒரு கிலோ சிமென்டின் வேதிவினைக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீரே போதும். குழைவுக்காக நாம் கூடுதலாக ஊற்றுகிறோம். 400 முதல் 450 மில்லி வரை ஊற்றினால் தொட்டி உறுதியாக இருக்கும். ‘இன்னும் கொஞ்சம் இளக்கமாக’ என்று 700 மில்லி ஊற்றினால், கூடுதல் நீர் ஆவியாகிப் போன இடங்களெல்லாம் நுண்துளைகளாக நிற்கும். தொட்டியின் விளிம்பு விரல் பட்டாலே உதிர்வதற்கும், அச்சிலிருந்து எடுக்கும்போது மூலை உடைவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதற்கு டம்ளர் அளவு ஒத்துவராது. கொட்டிவைத்த சிமென்டும் தட்டி அமுக்கிய சிமென்டும் ஒரே டம்ளரில் வேறு வேறு எடை நிற்கும். மணல் இன்னும் ஏமாற்றும். இலேசான ஈரமுள்ள மணல், துகள்களுக்கிடையே நீர்ப்படலம் நிற்பதால் உப்பி, உலர்ந்த மணலைவிட 20 முதல் 30 விழுக்காடு வரை கூடுதல் இடம் பிடிக்கும். ‘ஒன்றுக்கு மூன்று’ என்று டம்ளரால் அளந்தவர், தாம் அறியாமலே ஒன்றுக்கு இரண்டரைதான் போட்டிருப்பார். சமையலறையில் பயன்படுத்தும் மின்தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பத்துச் செதுக்குக் கத்திகளின் விலையில் இதை வாங்கலாம். பலன் இதில்தான் அதிகம்.

தராசுக்கு அடுத்தது சல்லடை. பூச்சு வேலைக்கென்று விற்கும் பி-சாண்ட், சன்னமான கைவேலைக்குப் பொருந்தும். ஆனாலும் ஒருமுறை சலித்துவிட்டால் நல்லது. சலிக்கும்போது மணலில் இலேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, பிறகு அந்தத் தண்ணீரைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

அச்சுகளைப் பற்றி நீட்டிச் சொல்வதற்கு அதிகமில்லை. சிலிக்கான் அச்சு நுணுக்கமான பூவேலைக்கு நல்லது. வெறும் தொட்டிக்குத் தயிர் டப்பாவும் ஐஸ்கிரீம் டப்பாவும் போதும். உள்ளே தேங்காய் எண்ணெய்யை மெல்லிய படலமாகத் தடவினால் சுலபமாகக் கழன்று வரும். வாகனத்தில் வடித்த கழிவு எண்ணெய்யைச் சிலர் தடவுகிறார்கள். அது கறை படுத்தும், தோலுக்கும் கேடு. ஒரு பாத்திரத்தை மட்டும் நிச்சயமாக ஒதுக்க வேண்டும்: அலுமினியம். ஈரச் சிமென்டின் காரம் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். பாத்திரமும் கெடும், வார்ப்பும் குமிழிகளால் நிறையும். சிமென்ட் கலந்த எந்தப் பாத்திரமும் மறுபடி சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய உருவங்களுக்கு உள்ளே கம்பிக்கூடு வேண்டும். கோழி வலை, கட்டுக்கம்பி, குறடு ஆகிய மூன்றும் இருந்தால் லாம்போவின் படகையே கட்டிவிடலாம். குறடு வாங்கும்போது வெட்டும் வாய் கூராக இருக்கிறதா என்று ஒரு கம்பியை வெட்டிப் பார்த்துவிட வேண்டும். மழுங்கிய குறட்டால் முறுக்கி அறுத்த கம்பி முனைகள் முள்ளாக நின்று கையுறையைக் கிழிக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை மழையில் துருப்பிடித்து, துரு பருத்து, சுற்றியுள்ள சிமென்டையும் உடைத்து வெளியே வரும்.

தூசும் காரமும்

இனி, விளம்பரங்களில் முன்வரிசையில் நிற்கும் மின்கருவிக்கு வருவோம். கட்டடத் தொழிலாளர்கள் ‘கட்டிங் மெஷின்’ என்று அழைப்பதன் சிறு வடிவங்கள் இப்போது கைவினைக் கருவிகளாக விற்கப்படுகின்றன. இறுகிய சிமென்டை உலர்ந்த நிலையில் இவற்றால் அறுத்தாலோ தேய்த்தாலோ, அதிலுள்ள மணலும் கல்லும் அரைபட்டுப் படிக சிலிக்கா தூசாகப் பறக்கும். கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கிலேயே நின்றுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் காற்றறைகள் வரை போய்த் தங்கித் தழும்பாகிறது. சிலிகோசிஸ் என்னும் அந்த நோய்க்கு மீட்சி இல்லை. தொழிலிடங்களில் சுவாசிக்கப்படும் படிக சிலிக்காவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் சேர்த்தது. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில், பள்ளிக் குழந்தைகளுக்காகச் சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளர்கள் இதே நோயால் மாண்ட வரலாறு நமக்கு முன்னால் இருக்கிறது.

வாரம் ஒருமுறை ஒரு தொட்டி செய்பவருக்கும், நாள்முழுதும் அறுப்பவருக்கும் ஆபத்தின் அளவு ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால், வீட்டு மாடியிலோ மூடிய அறையிலோ எழுப்பிய தூசு அங்கேயே படிந்து, பெருக்கும்போது மறுபடி எழும். வீட்டிலுள்ள குழந்தையும் அதைத்தான் சுவாசிக்கும். துணி முகக்கவசமும் கைக்குட்டையும் இந்தத் துகளைத் தடுக்காது. முகத்தில் இறுகப் பதியும் என்-95 வகையாவது வேண்டும். அதையும்விட மேலானது, அறுக்கவே தேவையில்லாதபடி ஈரப் பதத்திலேயே வேலையை முடித்துவிடுவது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் ஆண்டில் இந்த மின்கருவியை வாங்காமலிருப்பதே நல்லது. விதிவிலக்காகத் தேவைப்பட்டால், திறந்த வெளியில், தண்ணீர் விட்டுத் தேய்ப்பதற்கென்றே தயாரிக்கப்பட்ட கருவியைப் பழகியவர் கையில் கொடுக்கலாம். சாதாரண மின்கருவியில் தண்ணீர் ஊற்றுவது மின்சாரத்தோடு விளையாடுவதாகும்.

தூசைப் பற்றியாவது சிலருக்குத் தெரிந்திருக்கிறது. ஈரச் சிமென்டின் காரம்தான் பலரும் அறியாதது. அதன் கார அமில அளவு 12க்கு மேல். நம் தோலின் இயல்பு 5.5க்கு அருகில். சிமென்ட் தோலை அரிக்கும்போது உடனே வலிப்பதில்லை. சேறுபோல் குளிர்ச்சியாக இருப்பதால், மணிக்கணக்கில் கையை விட்டுப் பிசைந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. மாலையில் எரிச்சல், இரவில் கொப்புளம், மறுநாள் புண். இது தவிர, சிமென்டில் மிகச் சிறு அளவில் உள்ள அறுமதிப்புக் குரோமியம், திரும்பத் திரும்பத் தொடுபவர்களுக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது; ஒருமுறை வந்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலே தோல் வெடிக்கும். கரையக்கூடிய இந்தக் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேலுள்ள சிமென்டை, கையால் தொட்டு வேலை செய்யும் பயன்பாட்டுக்கு விற்கக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் தடுத்திருக்கிறது.

ஆகவே, கையுறையைத் தேர்வதில் கவனம் வேண்டும். பருத்திக் கையுறையும் தோல் கையுறையும் ஈரத்தை உறிஞ்சிக் காரத்தைத் தோலோடு அணைத்து வைத்துக்கொள்ளும். வெறுங்கையைவிட அவை மோசம். நைட்ரைல் அல்லது தடித்த ரப்பர், மணிக்கட்டைத் தாண்டி வரும் நீளம் உள்ளதாக இருக்க வேண்டும். உள்ளே சாந்து புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால், ஓடும் நீரில் இருபது நிமிடமாவது கழுவிய பின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணாடி அணிந்து வேலை செய்தால் அந்த அவசரமே நேராது.

பள்ளிக்கூடங்களிலும் கோடை வகுப்புகளிலும் இதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்கேதான் நிதானிக்க வேண்டும். சிமென்ட் அல்ல, அதைவிடச் சாதுவாகத் தோன்றும் பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2007இல் கலை வகுப்பில் தன் கைகளை வார்ப்பெடுக்க முயன்ற 16 வயது மாணவி, இறுகும்போது எழுந்த வெப்பத்தில் பெரும்பாலான விரல்களை இழந்தார். நச்சற்றது என்பதால் ஆபத்தற்றது என்று பொருளாகாது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் களிமண் போதும். அதில் கற்க வேண்டியது ஏராளம். சிமென்டை உயர்நிலை வகுப்புகளுக்கு வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கையுறையும் கண்ணாடியும் இல்லாத வகுப்பு நடக்காது என்று பள்ளிகள் முடிவெடுக்கலாம். பெற்றோர்கள், ‘என் பிள்ளை என்ன செய்தான்?’ என்று கேட்கும் முன், ‘எதை அணிந்து செய்தான்?’ என்று கேட்கலாம்.

பொழுதுபோக்காகச் செய்பவரைவிட அதிகம் இழப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையோரம் தொட்டியும் துளசி மாடமும் காற்று ஜன்னலும் கைப்பிடித் தூணும் வார்க்கும் பட்டறைகளில் வெறுங்கையோடும் வெறுங்காலோடும் சாந்து மிதிப்பவர்களைப் பார்க்காதவர் இல்லை. அவர்கள் கைகளில் உள்ள வெடிப்பு உழைப்பின் அடையாளமன்று, தடுக்கக்கூடிய தொழில்நோய். சிமென்ட் மூட்டையின் மீது, படம் போட்டுத் தமிழில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை அச்சிடுவதற்கும், தொழிலாளர் நல வாரியங்கள் வழியே உரிய கையுறையும் காலணியும் கிடைக்கச் செய்வதற்கும் பெருஞ்செலவு ஆகிவிடாது. தொட்டிக்கு நாம் பேரம் பேசிக் குறைக்கும் பத்து ரூபாயில் ஒரு கையுறையின் பங்கு இருக்கிறது.

வேலை முடிந்த பின் இரண்டு காரியங்கள் மிஞ்சுகின்றன. ஒன்று, நீராற்றுதல். செய்த பொருளை வெயிலில் காயவைப்பது தவறு. சாக்கோ பழைய துணியோ நனைத்துச் சுற்றி, அதன் மேல் பாலிதீன் உறை மூடி நிழலில் வைக்க வேண்டும். சாதாரண சிமென்டுக்கு ஏழு நாள், சாம்பல் கலந்ததற்குப் பத்து நாள். அதன் பிறகு செடி வைப்பதானால், தொட்டியில் சில நாள் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றிக் கொட்டினால், வேரைத் தாக்கும் காரம் குறையும்.

மற்றொன்று, கருவிகளைக் கழுவுவது. குழாயடியிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ கழுவினால் சாந்து குழாய்க்குள் இறுகிக்கொள்ளும். பிறகு குழாயை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் கரணையையும் சட்டியையும் அலசி, வாளியை இரவு முழுதும் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரும் காரமானதே என்பதால் அதைச் செடிக்கு ஊற்றாமல், அடுத்த முறை கருவி அலசுவதற்கே வைத்துக்கொள்ளலாம். அடியில் இறுகிய வண்டலை உடைத்துத் தொட்டியின் வடிகால் துளைக்கு மேல் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் காரத்தை விடும் என்பதால், கட்டட இடிபாடுகளோடு சேர்ப்பதே சரி. கரணையைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, ஈரம் படாத இடத்தில் தொங்கவிட்டால் பல ஆண்டுகள் உழைக்கும்.